எல்இடி விளக்குப் போட்டால் 999இல் இரைச்சல்: வானொலியை மாற்றுவதா, விளக்கை மாற்றுவதா?

கேள்வி: காங்கேயம் தோட்டத்தான்

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் சாலையிலிருந்து உள்ளடங்கிய ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு இருக்கிறது. எங்கள் அப்பாருவுக்கு (அப்பாவின் அப்பா) கண்பார்வை மங்கிவிட்டதால், தொலைக்காட்சியை விட்டுவிட்டு, மத்திய அலையில் கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸையும் திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸையும் நம்பியே பொழுதைக் கழிக்கிறார். வீட்டிலும் கட்டுத்தரையிலும் இருந்த சோக் வைத்த ட்யூப்லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்இடி பல்புகளையும் பேட்டன் விளக்குகளையும் மாட்டினோம். அதோடு சாமி அறையில் 12 வோல்ட் சீரியல் பட்டை ஒன்றையும் ஒட்டினோம். அது முதல், பகலெல்லாம் கணீரென்று கேட்கும் 999இல், விளக்குப் போட்டதும் ஒரு சீழ்க்கையும் அதன் அடியில் ஓயாத உறுமலும் வந்துவிடுகின்றன. 936 முற்றிலும் மூழ்கிவிடுகிறது. பண்பலையில் கொடைக்கானல் 100.5 தெளிவாகவே இருக்கிறது. கோவை 103 மட்டும், கட்டிலோரம் வைத்தால், லேசாகப் பொரிகிறது.

இரண்டு விஷயங்கள் எனக்கு விளங்கவில்லை. வீட்டு விளக்குகள் அனைத்தையும் அணைத்தாலும் பொழுது சாய்ந்த பிறகு ஒரு மெல்லிய உறுமல் மிஞ்சுகிறது. அந்த மிச்ச உறுமல் சில வாரங்கள் தொடர்ந்து இருந்துவிட்டு, பிறகு சில நாள்கள் அறவே இல்லாமல் போய், மறுபடியும் வந்துவிடுகிறது. வானொலியின் ஐசி போய்விட்டது, புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்னார். அதை வாங்குவதற்கு முன் இங்கே விவரம் தெரிந்தவர்களின் கருத்தைக் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

மறுமொழி: கோபி ரேடியோ பட்டறை

ஐயா, பகலில் 999 கணீரென்று கேட்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், ஐசியின்மேல் பழி போட இடமில்லை. புதிய வானொலி வாங்கினாலும் அதே கட்டிலில், அதே விளக்கின் கீழ், அதே உறுமலைத்தான் கேட்பீர்கள்.

குண்டு பல்பு வெறும் இழை. அதில் இரைச்சலுக்கு வழியே இல்லை. எல்இடி அப்படியன்று. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, அதை எல்இடிக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்க, பல்பின் அடிப்பாகத்தில் டிரைவர் என்ற சிறு மின்சுற்று இருக்கிறது. பெரும்பாலான டிரைவர்கள் இந்த வேலையை மின்னோட்டத்தை அதிவேகமாக வெட்டி வெட்டித்தான் செய்கின்றன. நொடிக்கு 50,000 முறை, அதாவது 50 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு கூர்மையாக இருப்பதால் 50இன் மடங்குகளான 100, 150, 200 என்று வரிசையாக எல்லா இடங்களிலும் அதன் எச்சம் தோன்றும். அதன் 20ஆவது மடங்கு 1000 கிலோஹெர்ட்ஸ். உங்கள் கோவை நிலையம் 999இல் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 1 கிலோஹெர்ட்ஸ்தான் உங்கள் காதில் சீழ்க்கையாக விழுகிறது. உறுமலுக்குக் காரணம் வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நேராக்கிய பின் அதில் நொடிக்கு 100 ஏற்ற இறக்கம் மிஞ்சும். அது அந்த எச்சத்தின்மேல் ஏறிக்கொண்டு வருகிறது.

இந்த 50 கிலோஹெர்ட்ஸ் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. பல்பு சூடேறச் சூடேற, மின்னழுத்தம் கூடக் குறைய, அது கொஞ்சம் நகரும். மூலத்தில் அரை கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் 20ஆவது மடங்கில் அது 10 கிலோஹெர்ட்ஸ் நகர்வாகிவிடும். மத்திய அலையில் நிலையத்துக்கு நிலையம் இடைவெளியே 9 கிலோஹெர்ட்ஸ்தான். ஆகவே ஒரே ஒரு பல்பு பக்கத்து அலைவரிசை வரை பூசி மெழுகிவிட முடியும். வீட்டில் பத்து பல்பு இருந்தால், ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்ட வேகத்தில் வெட்டுவதால், இடைவெளியே இல்லாமல் நிரம்பிவிடும். உங்கள் 936 மூழ்குவது அதனால்தான். திருச்சி நிலையம் சக்தி வாய்ந்ததுதான் என்றாலும், காங்கேயத்துக்கு வந்து சேரும்போது அதன் வலு தேய்ந்திருக்கும்.

பண்பலை தப்பிப்பதற்கும் காரணம் உண்டு. மத்திய அலையில் அலையின் உயரத்தில்தான் ஒலி ஏற்றப்படுகிறது. இரைச்சலும் உயரத்தைத்தான் கூட்டிக் குறைக்கிறது என்பதால் இரண்டையும் பிரிக்க வானொலிக்கு வழியில்லை. பண்பலையில் ஒலி அதிர்வெண் மாற்றத்தில் இருப்பதால், உயரத்தில் ஏறிய அழுக்கை வானொலியே வெட்டி எறிந்துவிடும். நிலையத்தின் வலு குறைவாக இருந்தால் மட்டும் உங்கள் 103இல் கேட்பதுபோலப் பொரியும்.

முதலில் எது குற்றவாளி என்று பாருங்கள். அடாப்டரைக் கழற்றிவிட்டு, வானொலியை பேட்டரியில் ஓட்டுங்கள். அதிலேயே பாதி இரைச்சல் குறைந்தால், அது கம்பி வழியாக அடாப்டருக்குள் நுழைந்து வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சில நேரம் அந்த அடாப்டரே இரைச்சல் போடும். அடுத்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கேளுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சோதனை பொய்யாகிவிடும். பிறகு ஒவ்வொரு விளக்காகப் போட்டு வாருங்கள். சாமி அறைப் பட்டையின்மேல் எனக்குச் சந்தேகம் அதிகம். அதற்கு மின்சாரம் தரும் அடாப்டர்களில் பல, அழுக்கை வடிக்கும் சுருளோ கண்டென்சரோ இல்லாமல், அந்த இடத்தில் ஒரு வெறும் கம்பியைப் பற்றவைத்து வருகின்றன. என் மேசைக்கு வந்தவற்றில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட சிலவற்றின் உள்ளே 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட், எக்ஸ்2 வகைக் கண்டென்சரைச் சேர்த்தபோது இரைச்சல் நன்றாகவே அடங்கியது. பல்புக்கும் அதையே செய்து பார்க்கலாம்.

மறுமொழி: பல்லடம் வாசகர்

இவ்வளவு சிரமம் எதற்கு? ஆகாசவாணியின் நிகழ்ச்சிகள் இப்போது கைப்பேசிச் செயலியிலேயே கிடைக்கின்றன. ஒரு நல்ல ஸ்பீக்கரை வாங்கி இணைத்துவிட்டால் சீழ்க்கையும் இல்லை, உறுமலும் இல்லை.

காங்கேயம் தோட்டத்தான்

நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் தோட்டத்தில் இணைய இணைப்பு நிலையாக இருப்பதில்லை. அதைவிட முக்கியமானது, அப்பாருக்குக் கைகளால் தடவித் திருகும் குமிழ் வேண்டும். தொடுதிரை அவருக்குப் பயன்படாது. ஆகையால் வானொலியிலேயே தீர்வு தேடுகிறேன்.

மறுமொழி: கோவை சிற்றலை

நான் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவன். கோபி நண்பர் சொன்ன காரணங்கள் அனைத்தும் சரி. கடைசி யோசனையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வீட்டுப் பல்பைப் பிரித்துப் பற்றவைக்கும் வேலையை தயவுசெய்து செய்யாதீர்கள். பெரும்பாலான பல்புகளில் எல்இடி பலகைக்கும் மின்கம்பிக்கும் இடையே மின்காப்புப் பிரிவே கிடையாது. அந்த மூடியைத் திறந்து மறுபடியும் சரியாக மூடாவிட்டால், வெறும் கையால் பல்பைத் திருகுபவருக்கு ஷாக் அடிக்கும். உள்ளே இடமும் இல்லை, சூடும் அதிகம். மேலும் இரு கம்பிகளுக்கும் குறுக்கே போடும் எக்ஸ் கண்டென்சர், இரு கம்பிகளுக்கு இடையிலான இரைச்சலைத்தான் அடக்கும். இரண்டு கம்பிகளிலும் ஒரே திசையில் ஒன்றாக ஓடி, வீட்டு ஒயரிங் முழுவதையும் ஏரியலாக்குகிற இரைச்சலை அது தொடுவதே இல்லை. தொலைவுக்குப் பரவுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைதான்.

அதற்கு ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையம் பயன்படும். ஆனால் கணினிக் கம்பிகளில் உருண்டையாக இருக்கிறதே, அதைக் கழற்றி ஒருமுறை கம்பியைச் செருகிவிட்டுப் பயனில்லை என்று சொல்பவர்கள் நிறைய. மத்திய அலை அளவில் ஒரு சுற்று எதற்கும் போதாது. தடுப்பு, சுற்றுகளின் எண்ணிக்கையின் இருபடிக்கு ஏற்பக் கூடுகிறது. 8 சுற்று போட்டால் ஒரு சுற்றைப்போல ஏறக்குறைய 64 மடங்கு தடுப்பு கிடைக்கும். எனவே பெரிய வளையமாக வாங்கி, அடாப்டரின் இரு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்து 8 முதல் 10 சுற்று சுற்றுங்கள். வளையத்தின் கலவையும் முக்கியம். 31 என்ற எண்ணுள்ள கலவை 1 மெகாஹெர்ட்ஸிலிருந்தே நன்றாக வேலை செய்யும். 43 என்ற கலவை அதைவிட உயர்ந்த அதிர்வெண்களுக்கானது. வளையத்தை இரைச்சல் பிறக்கும் இடத்தில், அதாவது விளக்கின் அருகில் போட வேண்டும். பட்டை விளக்காக இருந்தால் அடாப்டரின் உள்வரும் கம்பியிலும், பட்டைக்குப் போகும் கம்பியிலும் ஒவ்வொன்று தேவைப்படும். ஒட்டியிருக்கும் பட்டையே ஒரு நீண்ட ஏரியல் அல்லவா?

பல்பு வாங்கும்போது விலையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வெட்டி வெட்டிக் குறைக்கும் டிரைவர் இல்லாமல், எல்இடிகளை நீண்ட தொடராகக் கோத்து, டிஓபி என்று கடைக்காரர்கள் சொல்லும் ஒரே பலகையில் ஒரு எளிய ஐசியால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பல்புகளும் வருகின்றன. அவற்றில் அதிவேக வெட்டு இல்லை. ஆதலால் வானொலிக்கு அவை பெரும்பாலும் சாது. மலிவாகவும் இருக்கும். அவற்றில் வேறொரு குறை உண்டு: உள்ளே போதிய கண்டென்சர் இல்லாவிட்டால் நொடிக்கு 100 முறை ஒளி துடிக்கும். கைப்பேசிக் கேமராவில் பார்த்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். அப்பாரு படுக்கும் அறைக்கு அது பொருட்டில்லை. பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு வேண்டாம்.

பெட்டியில் ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் ஐஎஸ் 16102 என்ற தர எண்ணும் இருந்தால் போதுமா என்று கேட்கலாம். அவை இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தரத்தின் முதல் பகுதி மின்பாதுகாப்பைப் பற்றியது; வானொலிக்கு அமைதி என்பதற்கு அது சான்றாகாது. விளக்குகளின் வானொலி இடையூறுக்கு சிஸ்பர் 15 என்ற பன்னாட்டு வரையறை இருக்கிறது. அதற்கு உட்பட்ட பல்புகூட, அருகில் வைத்த வானொலியில் தொலைதூர நிலையத்தைக் கெடுக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த வரம்பு ஒரு விளக்குக்கு, உங்கள் வீட்டிலோ பல விளக்குகள்.

எனவே நேரான சோதனை ஒன்றே நம்பத் தகுந்தது. நம் ஊர்க் கடைகளில் பல்பை ஹோல்டரில் மாட்டி எரியவைத்துக் காட்டாமல் கொடுப்பதில்லை. கையில் ஒரு பாக்கெட் ரேடியோவைக் கொண்டுபோய், 1000 கிலோஹெர்ட்ஸை ஒட்டி நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் திருப்பிவைத்து, அந்த ஹோல்டரிலிருந்து ஒரு முழத் தொலைவில் பிடியுங்கள். கடையின் மற்ற விளக்குகளும் சத்தம் போடும் என்பதால், அந்தப் பல்பைப் போட்டு அணைக்கும்போது ஏற்படும் வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள்.

மறுமொழி: கோபி ரேடியோ பட்டறை

பல்பைப் பிரிப்பது பட்டறையில் செய்யும் வேலை, வீட்டில் செய்வதற்கன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளியே இருக்கும் அடாப்டரைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை: கைதேர்ந்தவர் போட்டுத் தந்தால் அது நல்ல வைத்தியம்.

மறுமொழி: நாமக்கல் பண்ணையாளர்

விளக்கு அணைந்த பிறகும் மிஞ்சுகிற உறுமலைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். தம்பி, உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் கறிக்கோழிப் பண்ணை இருக்கிறதா?

சில வாரங்கள் இருந்து, சில நாள்கள் இல்லாமல் போய், மறுபடியும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கறிக்கோழியில் ஒரு பேட்ச் ஏறக்குறைய 40 நாள்களில் பிடித்து முடியும். அதன் பிறகு கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அடுத்த குஞ்சு இறங்கும்வரை காலியாகப் போட்டுவைப்பார்கள். அப்போது விளக்குக்கு வேலையில்லை. குஞ்சு இறங்கிய முதல் சில நாள்களில் இரவு முழுவதும் விளக்கு எரியும். உங்கள் உறுமலின் கணக்கு இதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில் கணக்கு வேறு. முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்பதால், விடியற்காலையிலும் முன்னிரவிலும் ஆண்டு முழுவதும் விளக்குப் போடுவோம். வானொலி கேட்பவர்கள் உட்காரும் அதே நேரம்.

கொட்டகை விளக்குகள் ஏன் அவ்வளவு தூரம் கெடுக்கின்றன என்பதையும் கோவை நண்பர் சொன்னால் நன்றாக இருக்கும். எங்கள் கொட்டகைகள் 300 அடிக்குமேல் நீளமானவை.

மறுமொழி: கோவை சிற்றலை

நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள், அண்ணா. 1000 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 300 மீட்டர். அதில் கால் பங்கு 75 மீட்டர், அடிக்கணக்கில் ஏறக்குறைய 250. கால் அலைநீளக் கம்பி என்பது ஒலிபரப்புவோரே விரும்பிக் கட்டும் ஏரியல் அளவு. கொட்டகையின் நீளத்துக்கு இழுத்த கம்பியில் வரிசையாகப் பல்புகளை மாட்டுவது, அறியாமலேயே மத்திய அலைக்கு ஒரு பரப்பியைக் கட்டுவதற்குச் சமம்.

தனிப் பல்பு ஒன்றின் இரைச்சல் அப்படிப் போகாது. இந்த அலைநீளத்தில் வீட்டுக்குள் இருக்கும் தொலைவெல்லாம் மிக அண்மைதான். சிறிய மூலத்திலிருந்து தொலைவு இரட்டிப்பானால் புலம் எட்டில் ஒன்றாகக் குறையும். அதனால்தான் கட்டிலோரத்து வானொலியை ஜன்னலோரத்துக்கு நகர்த்தினாலே பெரிய மாற்றம் தெரியும். சுவருக்குள் ஓடும் ஒயரிங்கை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பொழுது சாய்ந்த பின் மத்திய அலையில் வரும் எல்லாத் தொல்லையும் விளக்கால் வருவதன்று. பகலில் இந்த அலைகளை உறிஞ்சிவிடும் வான்படலம் சூரியன் மறைந்ததும் கலைந்துவிடுவதால், தொலைதூர நிலையங்கள் வந்து மோதும். வேற்றுமொழிப் பேச்சோ மெல்ல ஏறி இறங்கும் பாட்டோ அடியில் கேட்டால் அது அந்த வகை, அதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. நொடிக்கு ஒருமுறை 'டிக், டிக்' என்று கேட்டால் ஏதோ ஒரு தோட்டத்தின் சோலார் வேலி. அநேகமாகச் செடி கொடி பட்டோ முடிச்சு தளர்ந்தோ பொறி தட்டிக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் சீறி, மழை பெய்ததும் அடங்கினால் கம்பத்து இன்சுலேட்டரைச் சந்தேகிக்கலாம்.

காங்கேயம் தோட்டத்தான்

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே சோதித்தேன். மெயினை இறக்கி, பேட்டரியில் ஓட்டியபோது மெல்லிய உறுமல் மட்டும் மிஞ்சியது. ஒவ்வொன்றாகப் போட்டு வந்ததில் சாமி அறைப் பட்டைதான் 999இன் சீழ்க்கைக்குக் காரணம். அதை அணைத்ததும் நின்றுவிட்டது. கட்டுத்தரையின் பேட்டன் ஒன்றும் ஓரளவு சத்தம் போடுகிறது. வீட்டுப் பல்புகளில் பெரும்பாலானவை அமைதியாகத்தான் இருக்கின்றன, நான் எதிர்பார்க்கவில்லை.

நாமக்கல் அண்ணா கேட்டது சரிதான். கிணற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் பங்காளி ஒருவரின் கறிக்கோழிக் கொட்டகை இருக்கிறது. இப்போது குஞ்சு இறங்கியிருக்கிறது, உறுமலும் இருக்கிறது. அவரிடம் எப்படிச் சொல்வது, என்ன செய்யச் சொல்வது? கொட்டகைக்குப் போகும் கம்பியின் தொடக்கத்தில் ஒரே ஒரு ஃபெரைட் வளையம் போட்டால் போதாதா?

மறுமொழி: கோவை சிற்றலை

தொடக்கத்தில் போடும் வளையம், கம்பி வழியாக உங்கள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைக்கும். கொட்டகைக்குள் இருக்கும் நீண்ட கம்பி ஏரியலாகப் பரப்புவதை அது நிறுத்தாது. பல்பை மாற்றுவதுதான் வழி; கொட்டகைக்குக் கடையில் சோதித்த டிஓபி பல்புகளே பொருந்தும்.

அதுவரை ஒன்று செய்து பாருங்கள். மத்திய அலை வானொலியின் உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி, தன் நுனி காட்டும் திசையிலிருந்து வருவதை ஏறக்குறைய கேட்காது. பக்கவாட்டிலிருந்து வருவதைத்தான் நன்றாக வாங்கும். வானொலியை மேசையில் மெல்லத் திருப்பி, அந்த நுனி கொட்டகையை நோக்குமாறு வையுங்கள். கோவை உங்களுக்கு மேற்கே இருப்பதால், கொட்டகை வடக்கிலோ தெற்கிலோ இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். உறுமல் விழுந்துவிடும், 999 நிற்கும். இன்னும் கூர்மையாக வேண்டுமென்றால், 60 செண்டிமீட்டர் சதுர மரச்சட்டத்தில் 10 சுற்றுக் கம்பி சுற்றி, 365 பிகோஃபாரட் கேங் கண்டென்சர் (குமிழைத் திருகி நிலையம் பிடிக்கும் மாறு கண்டென்சர்) ஒன்றை அதன் இரு முனைகளில் இணைத்து, வானொலிக்கு அருகில் வைத்துத் திருகலாம். வானொலியோடு கம்பி எதுவும் இணைக்க வேண்டியதில்லை. பழைய வால்வு ரேடியோவில் அந்த கேங் கிடைக்கும். கோபி நண்பரிடம் இல்லாமலா இருக்கும்?

மறுமொழி: கோபி ரேடியோ பட்டறை

இருக்கிறது. தனிச்செய்தியில் முகவரி கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

மறுமொழி: நாமக்கல் பண்ணையாளர்

பங்காளியிடம் வானொலியை முன்னிறுத்திப் பேச வேண்டாம். கொட்டகையின் ஈரத்திலும் அம்மோனியா காற்றிலும் பல்பு அடிக்கடி போய்விடும். எப்படியும் மாற்றத்தான் போகிறார். இந்த பேட்ச் பிடித்து, கொட்டகை காலியாகும் வாரத்தில் போய், அடுத்த பல்புகளை அவர் வாங்கும்போது நீங்களும் கூட வருவதாகச் சொல்லுங்கள். கடைக்குப் போகையில் பாக்கெட் ரேடியோவைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குஞ்சு உள்ளே இருக்கும்போது மட்டும் விளக்கில் கை வைக்கச் சொல்லாதீர்கள். திடீரென்று இருட்டானால் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிவிடும்.